கணப்பு மேசைக்கு அடியில் மூன்று புட்டிகள்

கினுயோவுக்குப் புழு என்றாலே குமட்டும். நோத்தோ கடற்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவள். மீன் குடலை வெறுங்கையால் உருவுவாள். உயிரோடிருக்கும் ஆக்டோபஸை உப்புப் போட்டுத் துணி துவைப்பதுபோல் துவைத்து எடுப்பாள். ஆனால் முட்டைக்கோசுக்குள் ஒரு பச்சைப் புழு நெளிந்துவிட்டால் போதும், முட்டைக்கோஸ் முழுசாகக் குப்பைக்குப் போய்விடும். அவளைக் கொண்டுபோய், கடல் வாடையே எட்டாத, நாலு பக்கமும் மலை சூழ்ந்த நிராசாக்கியில், அதுவும் ஒரு வண்டுப் பைத்தியத்துக்குக் கட்டி வைத்தார்கள். விதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சம்பந்தம் பேசி முடித்த அத்தை வண்டு விஷயத்தை வாயே திறக்கவில்லை என்பதுதான் உண்மை.

அந்த வண்டுப் பைத்தியத்தின் பெயர் யசுஜி. ரயில் நிலையத்திலிருந்து மலையடிவார வெந்நீர் ஊற்று வரை போய்த் திரும்பும் பஸ்ஸுக்கு ஓட்டுநர். பஸ் தாமதமாகக் கிளம்பினால் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது என்பது அவருடைய வேதம். "நேரத்துக்கு வந்தவன் ஸ்டாப்ல நின்னு நம்ம பஸ்ஸோட முதுகப் பார்க்கணுமா?" என்று புதிய ஓட்டுநர்களை வறுத்தெடுப்பார். சாப்பாட்டிலோ உடையிலோ பணத்திலோ மனிதர் எதற்கும் வாய் திறந்ததில்லை. எதை வைத்தாலும் சாப்பிடுவார். பிள்ளைகள் பிறக்காது என்று தெரிந்தபோதும், "சரி, அப்ப ரெண்டு பேரும் நிதானமா இருப்போம்" என்றதோடு சரி. வீட்டில் கோபமே வராத மனிதரோடு குடும்பம் நடத்துவது ஒன்றும் சொர்க்கமில்லை. பல நாள் கினுயோவுக்குச் சுவரோடு பேசுவதுபோல்தான் இருக்கும்.

அவர் பேச ஆரம்பிப்பதெல்லாம் கொம்பு வண்டைப் பற்றித்தான். ஓக் மரப் பொந்துக்குள் பதுங்கிக்கிடக்கும் கறுப்பு வண்டு. கொம்பு என்பது பேச்சுக்குத்தான், உண்மையில் குறடுபோல் வளைந்த தாடை. முதுகு அரக்குப் பூசிய சூப்புக் கிண்ணம் மாதிரி பளபளக்கும். முன்பெல்லாம் கோடையில் மரம் மரமாய் ஏறித் தேடினார். பிறகு பட்டணத்துக்காரர்கள் ஏணியும் கடப்பாரையுமாக வந்து பொந்துகளைப் பிளந்துபோட்டதில் காட்டில் வண்டு அற்றுப்போனது. அதன் பிறகு, பண்ணையில் முட்டையிட்டுப் பொரித்த புழுவைக் கடையில் வாங்கி, காளான் படரவிட்ட மரத்தூள் அடைத்த புட்டியில் போட்டு வளர்க்கும் காலம் வந்தது. ஊர் ஆண்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படி நாலு புட்டி இருந்தது. மீதிப் பாதி திராட்சைத் தோட்டத்தில் வேலை முடித்துவிட்டு அவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தது.

ஓகித்சு என்பவர் தூண்டில் கடை வைத்திருந்தார். ஒரு பக்கம் மீன் இரை, மறு பக்கம் வண்டுப் புழு. அந்த செப்டம்பர் கடைசியில் யசுஜி கினுயோவையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். கொஞ்ச நாளாக அவருக்கு வயிற்று வலி. அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்திருந்தார்கள். முடிவு வர இன்னும் நாள் இருந்தது.

புட்டிங் கிண்ணம் அளவு பிளாஸ்டிக் டப்பாக்களில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. யசுஜி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதுகில் மஞ்சள் புள்ளி இருந்தால் பெண், வேண்டாம்.

"என்ன யசுஜி-சான், பொண்ணு பார்க்க வந்த மாதிரி இவ்வளவு நேரம் பார்க்கறீங்க?" என்றார் ஓகித்சு.

"பொண்ணு பார்க்கப் போனப்ப அவர் என்னை இவ்வளவு நேரம் பார்க்கல," என்றாள் கினுயோ.

யசுஜி சிரித்தார். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஆண் புழுக்களைப் பொறுக்கி எடுத்தார்.

"புட்டிக்குச் சூடு கீடு கெடையாது. வடக்கு ரூம்ல குளிரட்டும். குளிர்காலம் பூரா மெதுவா தின்னு கொழுக்கட்டும். மே மாசம் கூட்டுப்புழு, ஜூன்ல வண்டு. ஏழரை சென்டிக்குக் கொறையாது, பாரு," என்றார் வழியெல்லாம். மார்ச் மாதம் அவருக்கு ஓய்வு. ஜூனில் வண்டைப் பார்த்துவிட்டு நோத்தோவுக்குப் போகலாம் என்றார். கினுயோ தன் அம்மாவின் சாவுக்குப் போய் வந்ததோடு சரி, அதன் பிறகு கடலைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவளுடைய தலையே நரைத்துப்போயிருந்தது.

அக்டோபரில் டாக்டர் கினுயோவை மட்டும் தனியே கூப்பிட்டார். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வியாதி அவருடையதாக இருந்தாலும் செய்தி வீட்டாருக்குத்தான். சொல்வதா வேண்டாமா என்று வீட்டார் தீர்மானிக்க வேண்டும், அநேகமாக எல்லா வீட்டிலும் வேண்டாம் என்றே தீர்மானிப்பார்கள். அதற்கு அன்பு என்று பெயர்.

"பிப்ரவரியில பிளம் பூக்கறதப் பார்ப்பார். ஏப்ரல்ல செர்ரிக்கு உறுதி சொல்ல முடியாதுங்கம்மா," என்றார் டாக்டர். "அவர்கிட்ட அல்சர்னு சொல்லிடலாமா?"

கினுயோ தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்? ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவி, அழகாகத் தலைசீவி, போகும் வழியில் பரங்கிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் பரங்கிக்காய் போட்டுத் தடித்த நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. யசுஜி மருத்துவ விடுப்பில் வீட்டிலிருந்தார். திடீரென்று, "இப்ப லீவுதானே, வயிறும் இன்னிக்குப் பரவாயில்ல. நோத்தோ போயிட்டு வந்துடலாமா?" என்றார்.

கினுயோவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. முப்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. போகலாம் என்று கத்தத் தோன்றியது. ஆனால் முந்தின நாள்தானே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வண்டியை அலம்பிப் பெட்ரோல் போடாமல் ஒரு நாள் பயணம்கூடக் கிளம்பாத வீட்டில், உடனே போகலாம் என்றால் அவருக்குச் சந்தேகம் வராதா? நிறைய நேரம் இருப்பவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தானே பேச வேண்டும்?

"இப்பவா? குளிர் ஆரம்பிச்சாச்சு, கடல் பொங்கிக்கிட்டு நிக்கும். ஜூன்ல வண்டு வரட்டும், அதுக்கப்புறம் போலாம்," என்றாள்.

"அதுவும் சரிதான்," என்றார் யசுஜி. கிண்ணத்தை எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

நவம்பரில் வயிற்றைத் திறந்து பார்த்து அப்படியே மூடிவிட்டார்கள். புண்ணை எடுத்தாயிற்று என்று அவரிடம் சொன்னார்கள். அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டார். கினுயோ தினமும் மதியம் போய் அவரோடு உட்கார்ந்திருப்பாள். அவர் தன் உடம்பைப் பற்றிக் கேட்கவே மாட்டார். புட்டியைப் பற்றித்தான் கேட்பார்.

"வடக்கு ரூம்லதானே இருக்கு? காளான் மொளைச்சிருக்கா? மொளைச்சா மொளைக்கட்டும், பிடுங்காத. தொறந்து தொறந்து பார்க்காத. ஜூன் வரைக்கும் அதுபாட்டுக்குத் தூங்கட்டும்."

ஜூன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் கினுயோ மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். புழு தின்னும் வேகமும் அவர் இளைக்கும் வேகமும் அவளுக்குத் தெரிந்தே இருந்தன. எந்தப் பேச்சையும் தொடங்காத இந்த மனிதர் வாழ்நாளில் ஆசையோடு பேசிய ஒரே விஷயம் இது. அதைக்கூடப் பார்க்காமல் போவாரா? ஒரு வண்டு. கடவுளிடம் அவள் கேட்டது அவ்வளவுதான், அதையும் கடவுளை நம்பி விட்டுவிட அவளுக்கு மனமில்லை. ஓகித்சுவின் கடைக்குப் போனாள்.

"சீக்கிரம் வரவைக்க வழி இருக்கா?"

"சூடு குடுத்தா வந்துரும். கணகணன்னு வச்சா குளிர்காலம் முடியறதுக்குள்ளேயே வந்துரும்," என்றார் ஓகித்சு. "ஆனா சின்னதா வரும்மா. வளர வேண்டிய நேரத்த நாம பிடுங்கிக்கறோம் இல்ல? யசுஜி-சானுக்குத் தெரிஞ்சா என் கடையக் கொளுத்திடுவார்."

"அவருக்குத் தெரிய வேண்டாம். ஒரு சந்தோஷத்துக்கு."

ஓகித்சு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தூண்டில் முள் அடுக்குவதில் மும்முரமானார். அவரும் அந்த ஊர்க்காரர்தான், கேட்கக் கூடாததைக் கேட்க மாட்டார்.

அன்றே கினுயோ வடக்கு அறையிலிருந்து மூன்று புட்டிகளையும் எடுத்துவந்து, முன்னறையில் போர்வை தொங்கும் கணப்பு மேசைக்கு அடியில் வைத்தாள். மின்கணப்பின் சிவப்பு வெளிச்சம் படாமலிருக்கப் புட்டிகளுக்கு யசுஜியின் பழைய காலுறைகளை மாட்டிவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். கால்விரல் புட்டியில் இடிக்கும். ஆரம்பத்தில் அருவருப்பாக இழுத்துக்கொண்டவள், பிறகு அப்படியே வைத்துக்கொள்ளப் பழகினாள். வீட்டில் உயிரோடிருந்த வேறு துணை ஏது?

ஒரு புட்டியில் தூள் புழுங்கிப் பழுப்புக் கூழாகி, புழு அதற்குள்ளேயே செத்துப்போனது. கினுயோ அதைப் பரங்கிப் பந்தலடியில் புதைத்தாள், ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. இன்னொன்று, ஊரார் புத்தாண்டு அரிசிப் பண்டம் தின்று முடித்த ஜனவரியில், கண்ணாடியோரமாகவே ஒரு அறை குடைந்துகொண்டு அசையாமல் கிடந்தது. ஒரு நாள் காலுறையைக் கழற்றிப் பார்த்தால் அதன் தோல் உரிந்து, தேன்நிறத்தில், கைகால் மடக்கி, தாடையோடு ஒரு உருவம் படுத்திருந்தது. கினுயோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லையே! அவர் சொல்லியிருப்பார். அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போயிருப்பாள்.

மூன்றாவது மட்டும் புழுவாகவே தின்றுகொண்டிருந்தது.

பிப்ரவரியில் வண்டு வந்தது. உடம்பு இறுகிக் கறுத்ததும், டப்பாவில் ஈரத்தூள் போட்டு, கைத்துண்டில் சுற்றி, பைக்குள் ஒளித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பஸ்ஸில் போகும்போது சிறுமியைப்போல் மனம் துள்ளியது. வெட்கமாகக்கூட இருந்தது.

யசுஜியின் படுக்கையருகே ஜன்னல் திட்டில் நர்ஸ் யாரோ ஒரு பிளம் கிளையை டம்ளரில் வைத்திருந்தாள். மொட்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பூத்திருந்தன. கினுயோ திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு டப்பாவைத் திறந்தாள்.

"என்ன இது?" என்றார். கண்கள் விரிந்தன. எலும்பாகிப்போன கையை நீட்டினார். வண்டு விரலைப் பற்றிக்கொண்டு ஏறியது. யசுஜி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் இவ்வளவும் செய்தாள். அது கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு நிமிஷத்துக்குத்தான்.

அவர் வண்டைப் புரட்டிப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். கட்டைவிரலால் முதுகின் நீளத்தை அளந்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"சின்னதா இருக்கு."

"சின்னதுன்னாலும் அழகாத்தானே இருக்கு?"

"இது எப்படி இப்ப வந்துச்சு?"

"ஓகித்சு-சான் சொன்னார், சிலது இப்படித்தான் முந்திக்குமாம்."

"வடக்கு ரூம்ல குழாய்த் தண்ணியே ஒறைஞ்சு கெடக்கும், கினுயோ. அங்க இருக்கற புழு எப்படி முந்திக்கும்?" அவர் குரலில் கோபமில்லை. "கணப்பு மேசையா?"

கினுயோ கைத்துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு தலையாட்டினாள்.

"சூடு குடுத்தா சின்னதாப் போயிடும்னு ஓகித்சு சொல்லாம விட்டிருக்க மாட்டான்."

"சொன்னார்."

"தெரிஞ்சேதான் வச்சிருக்க." யசுஜி வண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்ப ஜூன் வரைக்கும் நான் இல்ல."

"என்ன பேசறீங்க? அல்சர்தான், டாக்டரே..."

"பஸ் ஓட்டினவன்கிட்ட நேர விஷயத்துல பொய் சொல்லாத."

அடுத்த படுக்கைக்காரர் இருமினார். வண்டு யசுஜியின் மணிக்கட்டு வரை ஏறி, ஊசி ஏற்றும் குழாயருகே நின்றது.

"செர்ரி வரைக்குமா?" என்று கேட்டார்.

அவள் டப்பா மூடியை எடுத்துத் துடைத்தாள். அவர் தலையைத் திருப்பி ஜன்னல் திட்டிலிருந்த கிளையைப் பார்த்தார். பிளம் வரைதான் என்று புரிந்துவிட்டது.

"உனக்கு எப்ப சொன்னாங்க?"

"அக்டோபர்ல."

"அக்டோபர்ல எப்ப?"

பொய் சொல்ல அவளிடம் இனித் தெம்பில்லை. "நீங்க நோத்தோ போலாமான்னு கேட்டீங்கல்ல... அதுக்கு முந்தின நாள்."

யசுஜி போர்வைக்குள் நீண்டுகிடந்த தன் கால்களைப் பார்த்தார். பிறகு, "அப்ப எனக்குக் கால் நல்லா நடந்துச்சு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் கினுயோ பிழைத்திருப்பாள். அவர் வண்டை எடுத்து டப்பாவில் விட்டார்.

"மூணாவது?"

"இன்னும் புழுவாத்தான் இருக்கு."

"அத வடக்கு ரூம்லயே வச்சிடு. அதையாவது நேரத்துக்குக் கெளம்ப விடு."

கினுயோ வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் புட்டியைக் கணப்பிலிருந்து எடுத்து, சுவரெல்லாம் சில்லிட்டுக் கிடந்த வடக்கு அறையில் வைத்தாள். அவர் கேட்ட கடைசிக் காரியம் என்பதால் தயங்கவே இல்லை.

அதற்குப் பிறகும் தினமும் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருவரும் வானிலை பேசினார்கள், ஆஸ்பத்திரிக் கஞ்சியின் உப்பைப் பற்றிப் பேசினார்கள். சொல்லியாகிவிட்டதே, இனியாவது மனம்விட்டுப் பேசலாமே என்று தோன்றும். ஆனால் பேசுவதற்கு மூச்சு வேண்டும், அவருக்கு அது இருந்தது அக்டோபரில்தான். பிளம் பூக்கள் உதிர்ந்தன. செர்ரி மொட்டு விடுவதற்கு முன்பே, மார்ச்சில், ஓய்வு பெற வேண்டிய மாதத்தில் யசுஜி போய்விட்டார். பஸ் நிறுவனத்து ஆட்கள் வெள்ளைக் கையுறையோடு வந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

சின்ன வண்டு வீட்டில் இருந்தது. அந்த ஜாதி வண்டு மூன்று நாலு வருஷம்கூட இருக்கும். கினுயோ அதற்கு ஜெல்லி வைத்தாள், மற்றபடி அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், மூன்றாவது புட்டியை எடுத்துக்கொண்டு ஓகித்சுவின் கடைக்குப் போனாள். "இது என்னன்னு பாருங்க. ஒரு மாசமா இப்படியே இருக்கு."

ஓகித்சு மூடியைத் திறந்து கரண்டியால் தூளை விலக்கினார். புழு மஞ்சளாகி, சுருளாமல் நீண்டு கிடந்தது. தோல் உரியவில்லை. முன்பக்கத்துக் கால்கள் மட்டும் பக்கவாட்டில் விரிந்து விறைத்திருந்தன. தொட்டால் மெதுவாக ஆடின.

"இதுக்கு 'சிக்காடா'ன்னு சொல்லுவோம்மா. மண்ணுல இருந்து வர்ற சில்வண்டுப் பூச்சி மாதிரி இருக்குல்ல? புழுவாவும் இல்ல, கூட்டுப்புழுவாவும் ஆகல. நடுவுல நின்னுடுச்சு." அவர் தயங்கினார். "சூட்டுல இருந்தத திடீர்னு குளிர்ல வச்சா, சிலது எப்ப மாறணும்னு தெரியாம இப்படி ஆயிடும்."

"இனிமே வண்டாகுமா?"

"ஆகாது."

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"ஒரு மாசம் இருக்கும். கூடவும் இருக்கலாம். அப்புறம் கறுத்துப்போய்ச் செத்துடும்." ஓகித்சு மூடியைத் திருகினார். "நான் வச்சுக்கறேன், விட்டுட்டுப் போங்க. பார்த்துக்கிட்டே இருக்கறது கஷ்டம்."

கினுயோ புட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அதுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"வண்டாக மாட்டோம்னு."

"புழுவுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் ஓகித்சு. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து, முன்னறையில் போர்வை எடுத்துவிட்ட மேசைமேல் புட்டியை வைத்தாள். மாடத்திலிருந்து யசுஜியின் படம் தொப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. கினுயோ மூடியைத் திறந்தாள். குமட்டவில்லை. புழுவை விரல் நுனியால் தொட்டாள். அதன் கால்கள் ஒரு முறை ஆடின.

"உன்னால வண்டாக முடியாது," என்றாள் அதனிடம். "ஜூலையோட சரி. ஓகித்சு-சான் சொல்லிட்டார். எங்கயாவது போகணுமா, சொல்லு."

மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னாள்.